வெறும் ஐ7-ன்னா போதுமா? வீட்டுக்கு டெஸ்க்டாப் வாங்கப் போறீங்களா, பாருங்க

[திரையில்: மேஜை மேல ஒரு கேபினட், பக்கத்துத் தகடு கழட்டியிருக்கு]

வணக்கம். இந்தப் பெட்டி எங்க அக்கா வீட்டுலேருந்து வந்திருக்கு. தீபாவளி சமயத்துல மாமா போன் பண்ணார். "மாப்ள, பையனுக்கு ஐ7 கம்ப்யூட்டர் எடுத்துட்டேன். மானிட்டரோட சேர்த்து 15,000தான்!" அப்பவே எனக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. "மாமா, ஐ7-க்குப் பக்கத்துல என்ன நம்பர் போட்டிருக்கு?"ன்னு கேட்டேன். "நம்பர் என்னடா நம்பர், ஐ7ன்னா ஐ7தானே"ன்னுட்டார்.

[கேமரா நெருக்கத்துல: புராசசர் மேல காய்ஞ்சுபோன பேஸ்ட்டைத் துணியால துடைக்கிறோம்]

இப்ப எழுத்து தெரியுதா? ஐ7-2600. இன்டெல் கம்பெனியோட புராசசர், அதாவது கம்ப்யூட்டரோட மூளை. இது 2011 ஜனவரியில வந்த சரக்கு. நாலு கோர், எட்டு த்ரெட். அதாவது உள்ளே வேலை பார்க்கிற ஆள் நாலு, ஒரே சமயத்துல எடுத்துக்கிற வேலை எட்டு. இன்டெல்லோட ஐ3-12100ன்னு ஒண்ணு 2022-ல வந்துச்சு. அதுவும் நாலு கோர், எட்டு த்ரெட்தான். ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓட்டினா, அந்த ஐ3 இந்த ஐ7-ஐ அனாயாசமா தாண்டிப் போயிடும். கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும்.

ஐ3, ஐ5, ஐ7ங்கிறது அந்தந்த வருஷத்து வரிசையில அது எந்த இடம்னு மட்டும்தான் சொல்லும். எந்த வருஷம்னு சொல்றது கோடு போட்டதுக்கு அப்புறம் வர்ற நம்பர். 2600-ல முன்னாடி 2, அதாவது ரெண்டாவது ஜெனரேஷன். 8100-ன்னா எட்டாவது. 12100, 13400, 14400 மாதிரி அஞ்சு இலக்கமா இருந்தா முதல் ரெண்டு இலக்கத்தைப் பாருங்க. டெஸ்க்டாப்புக்கு 2024-லேருந்து வர்ற கோர் அல்ட்ரா வரிசையில அந்த 'ஐ' எழுத்தையே எடுத்துட்டாங்க.

பழசுன்னா வேகம் மட்டும் பிரச்சினை இல்ல. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெச்சிருக்கிற பட்டியல், இன்டெல்ல பொதுவா எட்டாவது ஜெனரேஷன்லேருந்துதான் ஆரம்பிக்குது. டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதியும் கம்ப்யூட்டர்ல இருக்கணும். கடைக்காரர் எப்படியோ குறுக்கு வழியில ஏத்திக் கொடுத்துடுவார். நாளைக்கு ஒரு பெரிய அப்டேட் வந்து மக்கர் பண்ணும்போது அவரைத் தேடிப் போக முடியாது.

[திரையில்: ரெண்டு புராசசர் அட்டைப் பெட்டிகள். ஒண்ணுல 12100, இன்னொண்ணுல 12100எஃப்]

நம்பருக்குக் கடைசியில இருக்கிற எழுத்தையும் விட்டுடாதீங்க. இன்டெல்ல 'எஃப்'னு முடிஞ்சா உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. தனியா கிராபிக்ஸ் கார்டு போடலைன்னா திரையில ஒண்ணுமே வராது. விலை கொஞ்சம் கம்மியா இருக்கிறதால விஷயம் தெரியாம வாங்கிட்டு வந்து, மானிட்டர் ரிப்பேர்னு நினைச்சுக் கேபிள் மாத்திப் பார்த்தவங்க நிறைய பேர். ஏஎம்டியில ரைசன் 5 5600ஜி மாதிரி 'ஜி' இருந்தா கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு. ஸ்கூல் பாடம், ஆன்லைன் கிளாஸ், டேலி, யூடியூப், இதுக்கெல்லாம் அது தாராளம். பையன் பெரிய கேம் விளையாடணும்னு அடம்பிடிச்சா அது வேற பட்ஜெட், வேற வீடியோ.

ராம் 16 ஜிபி போட்டுக்கோங்க. 8 ஜிபியில ஓடும்தான், ஆனா குரோம்ல பத்து டேப் திறந்தா மூச்சு வாங்கும். 2025 கடைசியிலேருந்து ராம் விலை கன்னாபின்னான்னு ஏறிக் கிடக்கு. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரியை அள்ளிட்டுப் போறாங்க. அதனால கையைக் கடிச்சா இப்போதைக்கு 8 ஜிபி ஒண்ணு போட்டு, பக்கத்து ஸ்லாட்டைக் காலியா வெச்சுக்கோங்க. பணம் இருந்தா 16 ஒண்ணா வாங்குறதைவிட 8, 8-ன்னு ரெண்டா வாங்குறது என் சாய்ஸ். உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற புராசசர், இதே ராம்லதான் பங்கு கேட்கும். ரெண்டு ஸ்லாட் வழியாப் போனா அதுக்கு ரெட்டை வழி. என்ன, ரெண்டே ஸ்லாட் உள்ள போர்டுல அதுக்கு மேல ஏத்த இடம் இருக்காது.

ஸ்டோரேஜ்ல பெரிய யோசனை எதுவும் வேண்டாம். விண்டோஸ் எஸ்எஸ்டியிலதான் இருக்கணும், அதாவது சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்ல. 512 ஜிபி போதும். கல்யாண வீடியோ, பழைய போட்டோவுக்கு வேணும்னா தனியா ஒரு ஹார்டு டிஸ்க். 1 டிபி வாங்கினா விண்டோஸ்ல 931 ஜிபின்னு காட்டும். கடைக்காரர் மேல சந்தேகப்படாதீங்க, டிஸ்க் கம்பெனியும் விண்டோஸும் ஜிபி கணக்குப் போடுற விதம் வேற, அவ்வளவுதான்.

[திரையில்: ரெண்டு எஸ்எம்பிஎஸ். கையில ஒவ்வொண்ணா தூக்கிப் பார்க்கிறோம்]

இனிமே வர்றதுதான் முக்கியம். கேபினட்டோட சும்மாவே கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் இது, அதாவது வீட்டுக் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கிற பெட்டி. மேல 450 வாட்ஸ்னு ஒட்டியிருக்கு. தூக்கினா தக்கை மாதிரி இருக்கு. பக்கத்துல இருக்கிறது 80 பிளஸ்ங்கிற கரண்ட் சிக்கன முத்திரை உள்ளது, கை நல்லா கனக்குது. வெயிட்டை வெச்சே எல்லாத்தையும் சொல்லிட முடியாது, ஆனா இவ்வளவு லேசா இருந்தா சந்தேகப்படணும். நம்ம ஊர்ல வோல்டேஜ் ஏறி இறங்குறது தெரிஞ்ச கதை. மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாப் போகாது, போர்டையும் இழுத்துட்டுப் போனாலும் போகும். புராசசர்ல ஒரு படி இறங்கியாவது இதுல காசு போடுங்க.

கேபினட் ஸ்க்ரூவைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதா? முதல்ல பிளக் பாயின்ட்டுல எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்க. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கிற ஃபில்டர் வழியா லேசாக் கசியற கரண்ட், எர்த் வழியாத்தான் இறங்கணும். எர்த் இல்லைன்னா கேபினட்லயே நிக்கும்.

வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கேன்னு யுபிஎஸ் வாங்காம விடுறவங்க, இன்வெர்ட்டர்ல யுபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. நிறைய மாடல்ல இருக்கும். அதைப் போடலைன்னா கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கிறதுக்குள்ள கம்ப்யூட்டர் அணைஞ்சு திரும்ப எழுந்திரிக்கும். ஃபேனுக்குத் தெரியாத அந்த இடைவெளி இதுக்கு ரொம்பப் பெருசு. ஏன்னா நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே முழு லோடுல சுமார் 16 மில்லி செகண்ட்தான் தாக்குப்பிடிக்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு போதும். சேவ் பண்ணி ஷட் டவுன் பண்ற அளவுக்கு நேரம் கொடுக்கும். லேசர் பிரின்டரை மட்டும் அதுல சொருகிடாதீங்க.

மானிட்டர் 22 இல்ல 24 இன்ச், ஃபுல் எச்டி, பக்கவாட்டுலேருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவா மாறாத ஐபிஎஸ் பேனல். அதே ஃபுல் எச்டியில 27 இன்ச் எடுத்தா பக்கத்துல உட்காரும்போது எழுத்து பிசிறடிக்கும்.

[திரையில்: டாஸ்க் மேனேஜர்]

பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி கடையிலேயே ஆன் பண்ணச் சொல்லுங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்க. புராசசரோட முழு நம்பர், எத்தனை ராம் ஸ்லாட், எத்தனை காலி, எல்லாம் அங்கேயே இருக்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டா இருந்தாலும் சரி, உங்க தெருமுனைக் கடையா இருந்தாலும் சரி, பில்லுல ஒவ்வொரு பொருளுக்கும் மாடல் நம்பர் எழுதி வாங்குங்க. "கம்ப்யூட்டர் செட் 1"ன்னு ஒரே வரியில எழுதின பில்லை வெச்சு வாரண்டி கேட்டா என்ன பதில் வரும்? மாமாகிட்ட இருந்தது அந்த மாதிரி பில்தான்.

[திரையில்: வாட்ஸ்ஆப்ல வந்த போட்டோ]

போன வாரம் மாமா திரும்ப ஒரு கடையில நின்னுட்டு போன் பண்ணார். "மாப்ள, இந்தத் தடவை நம்பரைப் பார்த்துட்டேன். 12100, புதுசு. கிராபிக்ஸ் கார்டெல்லாம் நமக்கு எதுக்கு, வேண்டாம்னுட்டேன். பெட்டியை போட்டோ அனுப்பியிருக்கேன், பாரு." பெருசு பண்ணிப் பார்த்தேன். நம்பருக்குப் பக்கத்துல எஃப்.

"மாமா, பர்ஸை உள்ளே வைங்க. நான் வர்றேன்."