புது பைக்கில் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஐட்லிங் திணறுகிறது: பேட்டரியைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: அரை இருட்டில் மீட்டர். சாவி திரும்புகிறது. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிகின்றன.]

புது வண்டி எடுத்தவர் முதல் நாள் இதைப் பார்த்துக் கொஞ்சம் பதறுவது வழக்கம். சாவியைத் திருப்பியதும் சீரியல் பல்பு போட்டது போல இத்தனை விளக்கு எதற்கு? விளக்குகள் உயிரோடு இருக்கின்றனவா என்று வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சொல்லப்போனால், சாவி ஆன் செய்யும்போது இன்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

[ஸ்டார்ட் ஆகும் சத்தம்.]

ஸ்டார்ட் ஆகிவிட்டது. சிவப்பு ஆயில் விளக்கு அணைந்தது. மஞ்சள் இன்ஜின் விளக்கும் அணைந்தது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு மட்டும் போகவில்லை. இதற்காகவே சர்வீஸுக்குப் போன் போடுபவர்கள் இருக்கிறார்கள். சக்கரம் சுற்றினால்தான் அதன் சென்சாரிலிருந்து சிக்னல் வரும். வண்டி நகர்ந்து மணிக்கு 5, 10 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அந்த விளக்கு தானாக அணைந்துவிடும்.

அதே காரணத்தால் இன்னொரு குழப்பமும் வரும். செயினுக்கு ஆயில் போடுகிறேன் என்று பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு கியர் போடுகிறோம். பின் சக்கரம் சுற்றுகிறது, முன் சக்கரம் அசையவில்லை. ஏதோ தப்பு என்று வண்டி முடிவுகட்டி ஏபிஎஸ் விளக்கையும், இருந்தால் சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கையும் ஏற்றிவிடும். சாவியை அணைத்துப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினால் சரியாகும். அதோடு, செயினில் கை வைக்கும்போது இன்ஜின் ஓடவே கூடாது. விரல் போய்விடும்.

ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் பேச்சே இல்லை, ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஆயிலின் அழுத்தத்தைக் காட்டும் விளக்கு. அழுத்தம் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இரும்பு இரும்போடு உரசுகிறது. வெப்ப விளக்குக்கும் இதே விதிதான்.

[காட்சி: மஞ்சள் இன்ஜின் சின்னம், மிக அருகில்.]

இனி இந்த மஞ்சள் ஆசாமி. இதை ஏற்றுவது இசியு என்கிற கணினி. அதற்குக் கண் கிடையாது. ஒவ்வொரு சென்சாரிலிருந்தும் வயர் வழியாக வரும் மின்னழுத்தம் மட்டுமே அதற்குத் தெரியும். பல சென்சார்கள் 0 முதல் 5 வோல்ட்டுக்குள் பேசும், ஆனால் ஒழுங்காக இருக்கும்போது இரண்டு கோடியையும் தொடாது. ஒரு சென்சார் அப்படியே 0 காட்டினாலோ 5 காட்டினாலோ, வயர் அறுந்திருக்கலாம் அல்லது உரசிக்கொண்டிருக்கலாம் என்று இசியு கணக்குப் போட்டு, ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு விளக்கை ஏற்றும்.

இந்தப் பழுது எண்ணைத்தான் கோடு (code) என்கிறோம். எடுத்துக்காட்டாக P0113 என்ற கோடு. உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை சென்சார், அதிக அளவு என்று அதற்கு அர்த்தம் எழுதியிருக்கும். காற்று சூடாகிவிட்டது போல என்று படிப்பவருக்குத் தோன்றும். நேர்மாறு. அதிகம் என்று அது சொல்வது வோல்ட்டை. இந்த சென்சார் குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும், வோல்ட்டும் ஏறும். சென்சாரோடு வயரை இணைக்கும் கப்ளர் கழன்று தொங்கினால் வோல்ட் உச்சிக்குப் போய், வெளியே மைனஸ் 40 டிகிரி என்பது போலத் தெரியும். இசியு அதை நம்பாது. விளக்கை ஏற்றிவிட்டு, தன்னிடம் இருக்கும் உத்தேச வெப்பநிலையை வைத்துக்கொண்டு பெட்ரோல் ஊற்றும். வண்டி ஓடும், ஆனால் ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் நின்றபடி ஓடும்போது, சுகம் இருக்காது. இதற்குப் புது சென்சார் வாங்கி மாட்டினால் என்ன ஆகும்? மாட்டும்போது கப்ளரையும் சரியாக அழுத்திவிடுவீர்கள், விளக்கு அணையும், பழி பழைய சென்சார் மேல் விழும். கோடு காட்டுவது எந்தச் சுற்றில் தகராறு என்பதைத்தான். எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. புது வண்டியில் பொருள் கெட்டிருப்பதைவிட கப்ளர், வயர், போல்ட் இவற்றில் ஒன்று சரியாக உட்காராமல் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

அந்த அனுபவம் இலவசமாக வரவில்லை.

[காட்சி: மீட்டரின் மூலையில் உள்ள கடிகாரம். 1:00.]

நான் எடுத்த புது வண்டி 300 கிலோமீட்டர் கூட ஓடவில்லை. சிக்னலில் நின்றால் உடம்பை உலுக்கும். திடீரென்று இன்ஜின் விளக்கு வரும், மறுநாள் காலையில் இருக்காது. சர்வீஸில் காட்டப் போனால், "புது வண்டி சார், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்களில் மீட்டர் கடிகாரம் அடிக்கடி 1:00 என்று நின்றது. எனக்கு நேரம் வைக்கத் தெரியவில்லை என்று நினைத்து, நானும் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன். இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

ஓட ஓடச் சரியாகும் என்பது முழுப் பொய் அல்ல. புது இன்ஜினில் உரசல் அதிகம், முதல் சில நூறு கிலோமீட்டரில் அது குறைந்து ஐட்லிங் கொஞ்சம் இலகுவாகும். ஆனால் ரன்னிங்-இன் என்கிற இந்தப் பழகும் காலம் எந்த வண்டியிலும் இன்ஜின் விளக்கை ஏற்றாது. விளக்கு எரிந்த வண்டிக்கு இந்தப் பதில் பொருந்தாது.

[இன்ஜின் ஐட்லிங் சத்தம், பின்னணியில் தொடர்கிறது.]

கேளுங்கள். இது திணறலா, இயல்பா? ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், 1,400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 1,400 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பெட்ரோல் எரிந்து ஓர் அடி விழுகிறது என்பதால் நிமிடத்துக்கு 700 அடி, விநாடிக்கு 12 கூட இல்லை. ஒவ்வோர் அடியும் ஹேண்டில்பாரில் தெரியத்தான் செய்யும். நான்கு சிலிண்டரில் அதே வேகத்தில் 2,800 அடி. அதை ஓட்டிவிட்டு இதில் ஏறினால் இது கெட்டுப்போனது போலத் தோன்றும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வேகம் 1,800, 2,000 வரை போய் மெதுவாக இறங்குவதும் இயல்பே. அடியின் இடைவெளி ஒரே சீராக இருந்தால் அதிர்வு பழுதாகாது. டப் டப் டப் என்று போய்க்கொண்டிருக்கும்போது ஓர் அடி காணாமல் போவதைத்தான் மிஸ் அடிக்கிறது என்கிறோம்.

மிஸ் உண்மை என்றால், எப்போது வருகிறது என்பதுதான் முக்கால் விடை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை இசியு கேட்பதில்லை. தன்னிடம் உள்ள அட்டவணைப்படி பெட்ரோல் ஊற்றும். சென்சார் சூடான பிறகுதான் அதன் பேச்சைக் கேட்டு, 1 கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று என்ற கணக்கைச் சுற்றிச் சுற்றித் திருத்தும். ஆகவே குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் திணறும் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பக்கம் முதலில் பார்ப்பேன். சைலன்சர் மாற்றியிருக்கிறீர்களா? சென்சாருக்கு முன்னால் இணைப்பில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் பொய் சொல்லும், இசியு அதை நம்பி மேலும் ஊற்றும். குளிரில் மட்டும் திணறி, சூடானதும் சரியாகும் வண்டி என்றால் வெப்பநிலை சென்சார் அல்லது ஐட்லிங் காற்று வால்வு என்று யோசனை வேறு பக்கம் போகும்.

ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே ஆர்பிஎம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஆடுகிறதா? கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது. காற்றை உள்ளே விடும் திராட்டில் பாடியையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரைப் பாருங்கள், கிளாம்ப் கோணலாக இருக்கலாம். சூடான இன்ஜின் மேல் பெட்ரோலையோ கிளீனரையோ அடித்துக் கசிவு தேடும் வித்தையைத் தயவுசெய்து செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

[காட்சி: நியூட்ரலில் வண்டி. ஹேண்டில்பார் இடமிருந்து வலம் மெதுவாகத் திரும்புகிறது.]

நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். ஆர்பிஎம் மாறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கிறது, அல்லது எங்கோ சிக்கி இழுபடுகிறது. கைப்பிடியில் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை வெறும் ஆட்டம் இருப்பது வழக்கமான அளவு, உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும்.

அப்புறம், பெட்ரோல் போட்டு வந்த உடனே திணறல் ஆரம்பிக்கிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது என்றால், டேங்கைக் கழுத்து வரை நிரப்பினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா ஒன்று இப்போதைய வண்டிகளில் இருக்கிறது. டேங்க் வழிய நிரம்பினால் ஆவிக்குப் பதில் பெட்ரோலே அதற்குள் போகும். இன்ஜின் அதை உறிஞ்சி மூச்சு முட்டும். கழுத்தின் அடி விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கியர் போட்ட நொடியில் ஆஃப் ஆனால் சைடு ஸ்டாண்டு. சிரிக்காதீர்கள், ஸ்டாண்டை மடக்கியிருந்தாலும் அதன் சுவிட்சில் சேறு இருந்தால் போதும். பல வண்டிகளில் இதற்கு விளக்கும் வராது, கோடும் இருக்காது.

[காட்சி: சீட் கழற்றப்பட்ட வண்டி. பேட்டரி. மல்டிமீட்டர்.]

கடிகாரத்துக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டரின் முனைகளைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தில் வைத்தேன். 12.5 வோல்ட். குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 அளவில் இருக்கும், ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தும்போது 10-க்குக் கீழே போகக் கூடாது, ஓடும்போது 13.5-லிருந்து 14.5 வரை வர வேண்டும். பிறகு கறுப்பு முனையைக் கம்பத்திலிருந்து எடுத்து, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் வயரின் வளையத்தில் வைத்தேன். 11.4, 12.1, 10.9 என்று எண் ஆடியது. ஸ்பேனர் எடுக்கப் போனவன், சும்மா விரலால் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். கால் சுற்று சுற்றியது. வண்டியைக் கையில் கொடுத்த நாளிலிருந்தே யாரும் அதை முறுக்கியிருக்கவில்லை. மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் மின்சாரம் நொடியில் விட்டு வந்திருக்கிறது. கடிகாரம் ஒவ்வொரு முறையும் பிறந்த நேரத்துக்குப் போயிருக்கிறது. விளக்கு போட்ட கோடு P0562, மின்னழுத்தம் குறைவு. ஆக, கடிகாரம் தானாக மாறினால் முதலில் பேட்டரி டெர்மினல், அதாவது வயர் மாட்டும் இந்தக் கம்பமும் போல்ட்டும்.

மாட்டிய துணைப் பொருட்களையும் இதே கண்ணோடு பாருங்கள். கூடுதல் விளக்கு, போன் சார்ஜர், அலாரம். வயரின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிய இடம் எங்கே இருக்கிறதோ அங்கே சந்தேகப்படுங்கள்.

[காட்சி: சீட்டுக்கு அடியில் சிவப்பு நிற 6 முள் சாக்கெட்.]

கோடு எண்ணைப் படிப்பது எப்படி? யூரோ 5 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்த பல வண்டிகளில் இந்தச் சிவப்பு சாக்கெட் இருக்கும், அதற்கான கேபிளும் ரீடரும் போதும். ஹோண்டாவின் பல மாடல்களில் விளக்கே மினுக்கிச் சொல்லும்: நீள மினுக்கு 10, குறு மினுக்கு 1. ஒரு நீளம், இரண்டு குறு என்றால் 12, அதாவது இன்ஜெக்டர் சுற்று. மற்ற நிறுவனங்களுக்குக் கணக்கு வேறு.

ஓடும்போது விளக்கு மினுக்குகிறது, கூடவே மிஸ்ஸும் அடிக்கிறது என்றால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஓடும் இன்ஜினில் பிளக் கேப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய சோதனையும் இதே கேட்டைத்தான் செய்யும், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலும் கெட்டுப்போகலாம்.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடும் என்று சொல்லாத ஆளே இல்லை. சில வண்டிகளில் போகும். கூடவே பழுது நடந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு என்று இசியு எழுதிவைத்த குறிப்பும் போகலாம், அது கற்றுவைத்த ஐட்லிங் அளவும் போகலாம். திணறல் மட்டும் அப்படியே இருக்கும், காட்ட ஆதாரம் இருக்காது. விளக்கு தானாக அணைந்தாலும் கோடு பெரும்பாலும் உள்ளே இருக்கும், ஆகவே காட்டப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

[காட்சி: ஜாப் கார்டு. பேனா.]

போகும்போது மீட்டரும் சத்தமும் சேர்ந்து பதிவான ஒரு சிறிய வீடியோ போனில் இருக்கட்டும். சர்வீஸில் பழுதை எழுதும் ஜாப் கார்டில் "வண்டி மிஸ் ஆகிறது" என்று எழுதினால் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "287 கி.மீ. இன்ஜின் சூடான பிறகு, நின்ற நிலையில், 1,400-லிருந்து 900 வரை இறங்கி ஏறுகிறது. இரண்டு முறை ஆஃப் ஆனது. இன்ஜின் விளக்கு எரிந்து மறுநாள் அணைந்தது. கோடு எண்ணைக் குறித்த பிறகே அழிக்கவும்."