ஹியூமனைசரும் கச்சேரி வாசல் பெத்திசமும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். உயர்தரம் எழுதுகிறவர்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறவர்கள், வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் என்று பலரும் வருவார்கள். முந்தியெல்லாம் "ரீச்சர், இதில பிழை இருக்கா?" என்று கேட்பார்கள். இப்போது கேட்கிற கேள்வி வேறு. "ரீச்சர், இதை ஹியூமனைசரில போட்டு எடுத்தா பிடிபடாதுதானே?"

ஹியூமனைசர் என்றால் என்ன என்று வீட்டில் இருக்கும் அம்மா, அப்பாமாருக்காகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை சாட்ஜிபிடியிடம் ஒரு கட்டுரை கேட்கிறது. அது நொடியில் எழுதிக் கொடுக்கிறது. அதை அப்படியே கொடுத்தால் இயந்திரம் எழுதியது என்று கண்டுபிடிக்க வேறு கருவிகள் இருக்கின்றன. ஆகவே அந்தக் கட்டுரையை மூன்றாவது ஒரு கருவிக்குள் போடுகிறார்கள். மனிதர் எழுதியதுபோல அது மாற்றித் தருகிறது. ஓர் இயந்திரம் எழுத, இன்னோர் இயந்திரம் பிடிக்க, மூன்றாவது இயந்திரம் மறைக்கிறது. இவை மூன்றுக்கும் நடுவில் பிள்ளை எங்கே என்பதுதான் என் கவலை.

கண்டுபிடிக்கும் கருவி என்ன பார்க்கிறது? நான் இப்போது ஒரு வசனத்தைப் பாதியில் நிறுத்துகிறேன், நீங்கள் முடியுங்கள். "கோணேசர் ஆலயத் தேர்த் திருவிழாவில் பக்தர்கள் பெருந்திரளாக..." கலந்துகொண்டனர் என்று முடித்திருப்பீர்கள். அடுத்த சொல் இப்படி ஊகித்த மாதிரியே வந்துகொண்டிருந்தால் அந்தக் கருவிக்குச் சந்தேகம் வரும். வசனங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நீளமாக இருந்தாலும் சந்தேகம் வரும். ஹியூமனைசர் அதைத்தான் குழப்புகிறது. நீண்ட வசனத்தை முறிக்கும், வழக்கமான சொல்லை எடுத்துவிட்டு வழக்கத்தில் இல்லாததைப் போடும், நடுவில் "உண்மையைச் சொன்னால்" என்று ஒன்றைச் செருகும். சிலவேளை வேண்டுமென்றே இலக்கணப் பிழையும் விடும்.

இது வேலை செய்யாது என்று பிள்ளைகளைப் பயமுறுத்த நான் வரவில்லை. வேலை செய்கிறது. 2023இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தாங்களே அப்படியொரு கருவியைச் செய்து பார்த்தார்கள். டிடெக்ட்ஜிபிடி என்ற கண்டறியும் முறை இயந்திரம் எழுதியதில் 70.3 வீதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாற்றி எழுதிய பிறகு 4.6 வீதத்துக்கு இறங்கிவிட்டது. பிடிக்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. மாணவர் கட்டுரைகளைச் சோதிக்கும் மென்பொருளைச் செய்கிற டர்னிட்டின் நிறுவனம் 2025இல் ஹியூமனைசர் தொட்ட எழுத்தையே தேடத் தொடங்கிவிட்டது. இந்த ஓட்டம் நிற்கப்போவதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பிள்ளைகள் இதற்குள் போவதற்கு அவர்கள் மட்டும் காரணமில்லை. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் கண்டறியும் கருவி ஒன்றை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 வீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 வீதத்தை இயந்திரம் எழுதியது என்றது. அந்த ஜூலையிலேயே அதை எடுத்துவிட்டார்கள். அதே வருடம் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலப் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளுக்குக் கொடுத்தார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. சராசரியாக 61 வீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. ஏன்? எங்களைப் போல இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படித்தவர்கள் தெரிந்த சொல்லைத்தான் எழுதுவோம். அது ஊகிக்கக்கூடியதாக இருக்கும். இதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை மெருகேற்றச் சொன்னார்கள். 61 வீதம் 12 வீதத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. பிள்ளை தானே எழுதினால் கள்ளன், இயந்திரத்திடம் கொடுத்துத் திருத்தினால் நல்லவன். இப்படியிருந்தால் நேர்மையான பிள்ளையும் ஹியூமனைசரைத் தேடித்தான் போகும். எனக்கு இதில் மிகுந்த கோபம் இருக்கிறது.

இருந்தாலும் போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வளாகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை தன் ஊர்க் கடற்றொழில் பற்றித் தானே எழுதிய அசைன்மென்டை, பயத்தில் ஹியூமனைசரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். "இன்னர் ஹாபர்" என்று எழுதியிருந்தாள். எங்கள் உள்துறைமுகம், அந்த வீதிக்கே அதுதான் பெயர். கருவி அதை "இன்டீரியர் போர்ட்" என்று ஆக்கிவிட்டது. தகப்பன் கரைவலை இழுப்பவர் என்று எழுதியிருந்தாள். அது "கரையோர மீன்பிடி நடவடிக்கைகளில் ஈடுபடுபவர்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்திருந்தது. வலையும் போச்சு, அப்பாவும் போனார். இது புதிய வியாதியும் இல்லை. சாட்ஜிபிடி வருமுன்பே, 2021இல், பிரான்சின் கிலோம் கபனாக்கும் கூட்டாளிகளும் ஆய்வுக் கட்டுரைகளில் இதைப் பட்டியலிட்டார்கள். சொல்லை மாற்றும் மென்பொருளால் "பிரெஸ்ட் கான்சர்" என்பது "பூசம் பெரில்" ஆகியிருந்தது. மார்பகப் புற்றுநோய் மார்பு ஆபத்து ஆகிவிட்டது.

இனி நான் சொல்ல ஆசைப்பட்ட விஷயம். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, வெளியே மரநிழலில் மேசை போட்டு, தட்டச்சு இயந்திரத்தோடு இருந்து, சனங்களுக்குப் பெத்திசம், அதாவது மனு, எழுதிக் கொடுத்த ஐயாவைப் பழைய ஆட்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கும். சுனாமிக்குப் பிறகு, 2005இல், அவர் தமிழில் எழுதியவற்றை வெளிநாட்டு உதவி நிறுவனங்களுக்காக நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். அதனால் பின்னேரங்களில் அவருக்குப் பக்கத்தில் இருப்பேன். ஒருநாள் சல்லியிலிருந்து ஒரு கடற்றொழிலாளி வந்தார். போட்டும் எஞ்சினும் போய்விட்டது, நட்டஈட்டுக்கு எழுத வேணும். கையில் ஒரு துண்டும் இல்லை. ஐயா எழுதத் தொடங்கவில்லை. கேட்கத் தொடங்கினார். எஞ்சின் எத்தனை குதிரைவலு? பதினைந்து. போட் எங்க கட்டியிருந்தது? பக்கத்தில ஆருடைய போட்? அந்த மனுசனுக்கு அலுத்துப்போய், "எல்லாருக்கும் எழுதினதையே எனக்கும் எழுதுங்கோ ஐயா" என்றார். ஐயா விடவில்லை. "எஞ்சின் வாங்கக் காசு எங்கால வந்தது?"

"பொஞ்சாதிட காப்பை அடைவு வைச்சுத்தான் ஐயா."

"அடைவுத் துண்டு?"

துண்டு தங்கச்சி வீட்டில் இருந்தது. தங்கச்சி வீடு கடலுக்குத் தள்ளி, தண்ணீர் போகாத இடம். அடுத்தநாள் அந்தத் துண்டு வந்தது, திகதியோடு. அந்தத் திகதியைப் போட்டு, காப்பைப் போட்டு, பக்கத்தில் போட் கட்டியிருந்தவரின் பெயரையும் போட்டு ஐயா எழுதினார். பிறகு சத்தமாக வாசித்துக் காட்டினார். அந்த மனுசன் ஓரிடத்தில் நிறுத்தி, "இல்லை ஐயா, அது மூத்தவளின்ட சாமத்தியத்துக்கு முந்தி" என்று திருத்தினார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

நேயர்களே, அந்தக் கடிதத்தில் மனிதர் எழுதியது என்று காட்டுகிற அலங்காரம் ஒன்றும் இல்லை. "மேன்மை தங்கிய ஐயா" என்றுதான் தொடங்கும், "இங்ஙனம்" என்றுதான் முடியும். இன்றைய கருவிகளுக்கு அது முழுக்க ஊகிக்கக்கூடிய எழுத்து. ஆனால் அடைவுத் துண்டை எந்தக் கருவி கேட்டிருக்கும்? ஹியூமனைசர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கொடுத்ததைப் புரட்டித் தரும், அவ்வளவுதான். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை உங்களிடமிருந்து அது வாங்காது. நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: எழுதத் தொடங்குமுன் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அம்மாவாக இருக்கட்டும், அறை நண்பியாக இருக்கட்டும். எங்கே, எப்போது, ஆரோடு, காசு எங்கால என்று கேட்கட்டும். பதிலை எழுதுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் இருக்கட்டும்.

கண்ணாடிக்கு அங்கால இருந்து கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. ஆசிரியர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் சொல்ல நிறைய வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கருவி காட்டுகிற வீதத்தை மட்டும் வைத்துப் பிள்ளைக்குப் புள்ளி வெட்டாதீர்கள். கூப்பிட்டு இருத்தி, கட்டுரையிலிருந்து நாலு கேள்வி கேளுங்கள். எழுதின பிள்ளை கதைக்கும். பிள்ளைகளே, நீங்களும் கூகிள் டாக்ஸில் எழுதுங்கள், பழைய வடிவங்கள் அதில் தானாகவே சேமிக்கப்படும். கையால் எழுதுகிறவர்கள் வெட்டித் திருத்திய தாள்களை எறியாமல், திகதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.