மூன்றாவது கண்ணாடி ஆடினால் விமானம் வருகிறது

வணக்கம் மக்களே. பொறுங்கள், இது போகட்டும்...

சரி, போய்விட்டது. இப்படிப் பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொள்வது, மலேசியாவில் பினாங்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் பாயான் பாருவில் எல்லோருக்கும் பழக்கம். கீழே மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பந்து விளையாட்டைப் பற்றிச் சண்டையே நடந்துகொண்டிருக்கும். மேலே சத்தம் வந்ததும் அத்தனை பேரும் அப்படியே நிறுத்துவார்கள். தே தாரிக் என்கிற பால் தேநீரை ஆற்றுகிறவர் மட்டும் நிறுத்த மாட்டார். விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடரும். எதிராகக் கத்திப் பேசிப் பார்க்கிறவர் யாராவது இருந்தால் அவர் ஊருக்குப் புதுசு.

"இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் இரவு ஷிஃப்ட் ஆள். காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் அப்போதுதான் பயணிகள் விமானம் வரிசையாகக் கிளம்பும். அறையைக் காட்டுகிறேன், வாருங்கள்.

இதோ ஜன்னல், பழைய நாக்கோ, கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிச் செய்தது. மேலிருந்து மூன்றாவது கண்ணாடியைப் பாருங்கள், அதைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்துவிட்டது. சத்தம் நம் காதில் உறைக்கும் முன்பே இது கிடுகிடுவென்று ஆட ஆரம்பிக்கும். ஒரு நாலு நம்பர் லாட்டரிச் சீட்டை மடித்துச் செருகி வைத்தேன், ஒரு வாரம் தாங்கியது. அந்த நம்பரும் அடிக்கவில்லை.

முதலில் கனமான திரைச்சீலை வாங்கினேன். நூற்றெண்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். அறை இருட்டானது, சத்தம் இம்மிகூடக் குறையவில்லை. சத்தம் பெரும்பாலும் இடுக்கு வழியாகத்தான் வரும், துணி அதை நிறுத்தாது. நாக்கோ ஜன்னலோ இடுக்குகளாலேயே செய்தது. அப்புறம் உள்பக்கம் பிளைவுட் பலகை அடித்து, ஓரமெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டினேன். கைப்பேசி ஆப்பில் 74 டெசிபல் காட்டிய இடத்தில் இப்போது 66 காட்டுகிறது. எட்டுதானே என்று நினைக்காதீர்கள். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கழித்தல் இல்லை, பத்து குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். ஆனால் காற்று நின்றுவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு இந்த அறையில் இட்லி அவிக்கலாம்.

அதிருக்கட்டும், விமானம் எவ்வளவு தாழ்வாக வருகிறது தெரியுமா? இறங்கும்போது பொதுவாக மூன்று டிகிரி சரிவில் வரும். அதாவது தரை தொடும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி சுமார் 52 மீட்டர் உயரம். எங்கள் ஃபிளாட் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அப்படியானால் 120 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், பினாங்கின் உயரமான கட்டடம் கொம்தாரில் பாதி உயரம். நேர் தலைக்கு மேல் இல்லை, கொஞ்சம் ஓரமாகப் போகிறது. அதற்கே இந்தக் கூத்து. ஓடுபாதைக்குப் பக்கத்தில் பாம்புக் கோயில் இருக்கிறது. அங்கே இருக்கும் விரியன்கள் கிளையில் கிடந்தபடி அசைவதே இல்லை. கொடுத்து வைத்தவை, வெளிக்காதே கிடையாது.

எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. ஓடுபாதையின் பெயர் 04/22. ஓடுபாதை நோக்கும் காந்தத் திசையை டிகிரியில் எடுத்து, பத்தால் வகுத்து வைக்கிற எண் அது; 04 ஒரு பக்கம், 22 அதற்கு எதிர்ப்பக்கம். விமானம் ஏறுவதும் இறங்குவதும் காற்றுக்கு எதிராகத்தான். காற்று ஒரு பக்கம் அடித்தால் எங்கள் பக்கம் ஏறும், மறுபக்கம் அடித்தால் எங்கள் பக்கமாக வந்து இறங்கும். ஏறுவது நெஞ்சுக்குள் குமுறும். இறங்குவது சீழ்க்கை மாதிரி இருக்கும். அதில் பாதி என்ஜின்கூட இல்லை, வெளியே நீட்டிய சக்கரத்திலும் இறக்கை மடிப்பிலும் காற்று மோதுகிற சத்தம். இரண்டில் எது தேவலை என்று கேட்டால், இறங்குவதுதான்.

என் தங்கச்சி கோலாலம்பூர் பக்கம் ஆரா டாமன்சாராவில் இருக்கிறாள், சுபாங் விமான நிலையத்துக்குப் பக்கம். 1998இல் சிப்பாங்கில் கேஎல்ஐஏ என்கிற கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம் திறந்ததும் பயணிகள் ஜெட் எல்லாம் அங்கே போய்விட்டன. சுபாங்கில் மிஞ்சியது பெரும்பாலும் விசிறி வைத்த சின்ன விமானங்கள். அந்த அமைதியில்தான் சுற்றிலும் வீடுகள் பெருகின. 2024 ஆகஸ்டில் ஜெட் விமானங்கள் திரும்பி வந்தன. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, வாங்கும்போது இருந்த ஊர் வேறு.

எங்கள் கதை அப்படியில்லை. இங்கே விமான நிலையம் 1935இலிருந்து இருக்கிறது. 1972இல் பக்கத்திலேயே தொழிற்பேட்டை வந்தது, இன்டெல் அந்த வருடமே வந்தது. அங்கே வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுந்த ஊர்தான் பாயான் பாரு. பேரிலேயே 'பாரு' இருக்கிறது, மலாயில் புதுசு என்று அர்த்தம். நாம்தான் பிறகு வந்தவர்கள். நடுராத்திரி ஜன்னலை ஆட்டுகிற சரக்கு விமானத்தில் நான் சோதித்து அனுப்பிய சிப் பெட்டியும் இருக்கலாம். சிப் எடை குறைவு, விலை அதிகம், அவசரம் வேறு. கப்பலுக்குக் காத்திருக்காது. அதனால் இரவு விமானமே வேண்டாம் என்று மனு கொண்டுவந்தபோது நான் கையெழுத்துப் போடவில்லை. மாடி வீட்டு அக்காவுக்கு இன்னும் என்மேல் வருத்தம்.

என் கோபமெல்லாம் இந்த வீட்டைக் காட்டிய ஏஜெண்ட்மேல்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விமானம் இல்லாத இடைவெளி பார்த்துக் கூட்டிவந்தார். அரை மணி நேரத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. "ரொம்ப அமைதியான இடம்" என்று வேறு சொன்னார். இந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் காலை எட்டுக்கு ஒருமுறை, ராத்திரி பதினொன்றுக்கு ஒருமுறை வாருங்கள். படுக்கையறை ஜன்னலைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். விமான நிலையத்தையும் பெரிதாக்குகிறார்கள், வருடத்துக்கு 6.5 மில்லியன் பயணிகளுக்கென்று இருந்ததை 12 மில்லியனுக்கு. 2019இலேயே எட்டு மில்லியனைத் தாண்டியாயிற்று. ஆகவே இன்றைக்குக் கேட்கிற சத்தத்தை மட்டும் வைத்து வாடகை பேசாதீர்கள்.

அடுத்த வாரம் நாக்கோவைக் கழற்றிவிட்டுச் சறுக்குக் கண்ணாடி போட எவ்வளவு ஆகும் என்று விசாரித்துச் சொல்கிறேன். வீட்டுக்காரர் பாதி தருவாரா என்றும் பார்க்க வேண்டும். ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ், இன்னும் சட்டைகூட அயர்ன் பண்ணவில்லை... ஆ, கண்ணாடி ஆடுகிறது பாருங்கள். வருகிறேன்.