கைலேஞ்சி கொண்டு வந்திருக்கிறேன்

நடுவர் அவர்களுக்கும் மண்டபம் நிறைந்திருக்கும் மட்டக்களப்புச் சொந்தங்களுக்கும் வணக்கம். மணி அடிக்க முதல் ஒரு கதையைச் சொல்லி முடிக்க வேண்டும், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பட்மின்டன் களத்தில் வெல்ல வைப்பது இளையோரின் உணர்ச்சி வேகமா, மூத்தோரின் நிதானமா? நான் இளையோர் பக்கம். எனக்கு முன்னால் பேசிய நண்பர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லி உங்கள் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தார். "இளசுகள் கோட்டுக்குள் வரும்போது றக்கெட்டை மறந்தாலும் கைலேஞ்சியை மறக்கக் கூடாது" என்றார். புள்ளி போனால் அழுவார்களாம், கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை வேண்டுமாம். ஐயா, நான் சொல்ல வந்ததே ஒரு கைலேஞ்சியின் கதைதான்.

கல்லடியில் என் தங்கச்சி வீடு. 2016ஆம் ஆண்டு தங்கச்சியின் மகள், என் மருமகளுக்கு 14 வயது. முற்றத்தில் தென்னைக்கும் முருங்கைக்கும் நடுவே வலை கட்டியிருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் ஆட்டம். அந்த நேரம் கச்சான் காற்று வீசும். 5 கிராம் அளவே கனக்கிற இறகுப்பந்து கச்சானுக்கு முன்னால் என்ன செய்யும்? உள்ள பலத்தையெல்லாம் கூட்டி அடித்தால்தான் வலையைத் தாண்டும். அப்படியே அடித்து அடித்துப் பழகிவிட்டாள்.

அந்த வருடம்தான் முதன்முதலாக உள்ளரங்கில், பெண்களுக்கான திறந்த போட்டியில் ஆடப் போனாள். எதிரே கல்முனைப் பக்கத்து அக்கா ஒருவர், 35 வயது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, அவசரம் இல்லை. எதிரணி கொண்டாடும் அதே நிதானம். மண்டபத்துக்குள் காற்று ஏது? இவள் அடித்ததெல்லாம் பின்கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. முதல் ஆட்டம் 21–9. இரண்டாவதில் 11–6 என்று அக்கா முன்னால் நிற்க, இடைவேளை. சட்டப்படி 60 வினாடி. பிள்ளை கதிரையில் குந்தி ஓவென்று அழுதாள்.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறேன். என் அம்மா, அவளுக்கு அம்மம்மா, மேலே படிக்கட்டிலிருந்து இறங்கி வந்தா. இடுப்பில் செருகியிருந்த கைலேஞ்சியை எடுத்தா. அதன் மூலையில் பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை, இறுக்கி முடிந்தபடி. "மூக்கைச் சீறிட்டுப் போ புள்ள" என்று நீட்டினா. இவள் அவசரமாக முகத்தைத் துடைக்க, காசு முடிச்சு புருவத்தில் 'டக்' என்று இடித்தது. அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது! மறுபடி சொல்கிறேன், அந்த இடத்தை நான் மறக்க மாட்டேன்: கண்ணில் நீர், மூக்கில் நீர், புருவத்தில் காசு, வாயில் சிரிப்பு.

எழும்பிப் போனாள். அதற்குப் பிறகுதான் ஆட்டமே.

பதற்றம் வந்தால் றக்கெட் பிடி இறுகும், மணிக்கட்டு மடங்காது, வலையோரம் போட வேண்டிய பந்து கெட்டுப்போகும் என்று எதிரணி சொன்னது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிடியைத் தளர்த்தியது எது? அந்த அழுகைதான். அடக்கி வைத்திருந்தால் கடைசிப் புள்ளி வரை இறுகியே இருந்திருக்கும். கொட்டித் தீர்த்தாள், கை தளர்ந்தது. ஓங்கி அடிப்பதை விட்டுவிட்டு வலையோரம் மெல்லமாகப் போட்டாள். இரண்டாவது ஆட்டம் அவளுக்கு, 21–19!

உணர்ச்சியை அடக்கு என்கிறீர்கள். இந்திய வீராங்கனை பி. வி. சிந்துவைப் பயிற்றுவிப்பாளர் கோபிசந்த் ஒருமுறை பயிற்சியில் களத்தின் நடுவே நிறுத்தி எல்லாரும் பார்க்கக் கத்தச் சொன்னார். அமைதியான பிள்ளைக்குச் சத்தம் போடக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது! அந்தப் பிள்ளைதான் ரியோ ஒலிம்பிக்கில் 21 வயதில் வெள்ளியோடு நின்றார். நம் நிலூக கருணாரத்ன 36 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியதை எதிரணி சொன்னது. எனக்கும் பெருமைதான். அவர் லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் கெனிச்சி டாகோவை நேர் ஆட்டங்களில் வீழ்த்தியபோது வயது 27 என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அழுவது சின்னப் பிள்ளைகள் மட்டுமா? 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதி. ஸ்பெயினின் கரோலினா மரினுக்கு 31 வயது, உலகப் பட்டங்கள் வென்றவர். முன்னிலையில் நின்றபோது முழங்கால் போய்விட்டது. களத்திலேயே மண்டியிட்டு அழுதார். எதிரே ஆடிய சீனத்துப் பெண் ஹெ பிங்ஜியாவ், பதக்க மேடையில் ஸ்பெயினின் சின்னத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தைப் பார்த்து இங்கே எத்தனை பேர் கண்ணைத் துடைத்திருப்பீர்கள்?

நடுவர் அவர்களே, கதை முடியவில்லை. மூன்றாவது ஆட்டம். 20–20. பிறகு 22–20. மருமகள் தோற்றாள். ஓம், தோற்றாள். எதிரணி கைதட்டட்டும்.

ஆனால் அந்த அக்கா வலைக்கடியால் குனிந்து வந்து பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். அவ்வளவு நேரம் அசையாத முகம் உடைந்துபோனது. "உன்ட வயசில நான் றக்கெட்டத் தொட்டதில்ல மகள். அந்திப்பட்டா வெளிய இறங்க ஏலாத காலம். ஆசையிருந்தும் விளையாடக் கிடைக்கல்ல" என்றார். அது எந்தக் காலமென்று இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. மருமகள் கைலேஞ்சியை நீட்டினாள். அதே கைலேஞ்சி. அக்கா அதை மறந்து கையோடு கொண்டுபோய்விட்டார், பஸ் காசோடு!

அடுத்த ஞாயிறு கல்லடியில் வந்து இறங்கினார். துவைத்து மடித்த கைலேஞ்சி, ஒரு குழாய் இறகுப்பந்து. முற்றத்தில் ஆடினார்கள். கச்சானில் அவர் அடித்த பந்து திரும்பி அவர் தலையிலேயே விழ, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு அடுத்த வளவு வரை கேட்டது. துவைக்கும்போதுகூட அவர் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. அம்மாவும் அதற்குப் பிறகு அவிழ்க்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. கைலேஞ்சி மருமகளிடம் இருக்கிறது. இன்று காலை போய்க் கேட்டேன். முடிச்சை மட்டும் அவிழ்க்க வேண்டாம் மாமா என்று சொல்லித்தான் தந்தாள். நடுவர் அவர்களே, இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன். வணக்கம்.