செகண்ட் ஹேண்ட் சொகுசு கார்: டாப் மாடலை விடுங்க, ஆப்ஷன் கம்மியான காரைத் தேடுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஆறு ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ ஓடின பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி எல்லாம் ஒரு சாதாரண புதுக் கார் விலைக்கே வருதே, வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. வாங்கலாம். ஆனா பிராண்டைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த சஸ்பென்ஷன்னு பாருங்க. ஒரே மாடல்ல ரெண்டு கார் நின்னா, ஆப்ஷன் கம்மியா இருக்கிறதை எடுங்க. முதல் ஓனர் காசு குடுத்து வாங்கின ஒவ்வொரு ஆப்ஷனும், ஏழாவது வருஷத்துல உங்க பில்லுல வந்து நிக்கும்.

காரணம் எளிமையானது. கார் விலை பாதிக்கும் கீழ இறங்கிடுது, ஆனா பார்ட்ஸ் விலை இறங்குறதில்ல. அந்தக் கார் புதுசா இருந்தப்போ என்ன தரமோ, அந்தத் தரத்துக்கு வச்ச விலை தான் இன்னைக்கும். அடாப்டிவ் எல்இடி ஹெட்லைட்டை எடுத்துக்கோங்க. உள்ள ஈரம் புகுந்து மாட்யூல் (அதைக் கட்டுப்படுத்துற எலெக்ட்ரானிக் பெட்டி) போச்சுன்னா பல மாடல்கள்ல முழு லைட்டையே மாத்தச் சொல்லுவாங்க. மாத்தின பிறகு கோடிங் வேற பண்ணணும், அதாவது புது லைட்டைக் காரோட கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தணும்.

இப்ப சஸ்பென்ஷனுக்கு வருவோம், பெரிய செலவு இங்க தான் ஒளிஞ்சிருக்கு. கேமராவைக் கீழ கொண்டு வர்றேன், பாருங்க. வீலோட நடு மையத்துல இருந்து மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளக்குறேன். இடது முன்பக்கம், வலது முன்பக்கம், அப்புறம் பின்னாடி ரெண்டும். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்டீல் ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து நிரப்பின ரப்பர் பை) இருக்கிற காரை சமதளத்துல ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சுட்டு, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இப்படி அளக்கணும். ஒரு மூலை மட்டும் அதோட ஜோடியை விட 10, 15 மில்லிமீட்டர் இறங்கியிருந்தா அங்க காத்து கசியுதுன்னு எடுத்துக்கலாம். அந்த ரப்பர் பையோட (பெல்லோஸ்) மடிப்புல சோப்புத் தண்ணி தெளிச்சா குமிழி வரும்.

இதுல என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க. காத்து கசியக் கசிய, காத்து அடைக்கிற கம்ப்ரஸர் திரும்பத் திரும்ப ஓடி ஈடு கட்டும். அது கொஞ்ச நேரம் ஓடி நிக்கிறதுக்காக செஞ்ச மோட்டார். தொடர்ந்து ஓடினா சூடாகி எரிஞ்சிடும். "கம்ப்ரஸர் புதுசு போட்டிருக்கேன்"னு ஓனர் பெருமையா சொன்னா நீங்க உஷாராகணும். கசிவைச் சரி பண்ணாம கம்ப்ரஸரை மட்டும் மாத்தியிருந்தா அதுவும் போயிடும். கம்ப்ரஸர் மாத்தும்போது ரிலேவையும் (மோட்டாரை ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்) சேத்து மாத்தணும். பழைய ரிலேல காண்டாக்ட் ஒட்டிக்கிட்டா மோட்டார் நிக்காமலே ஓடும்.

மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல ஏர் சஸ்பென்ஷனைத் தவிர்க்கிறது கஷ்டம். ஆனா டபிள்யூ212ன்னு கோடு வச்ச தலைமுறை இ கிளாஸ்ல சாதாரண ஸ்டீல் ஸ்பிரிங் வச்ச கார் நிறையவே இருக்கு, அதைத் தேடுங்க. பழைய எஸ்எல், எஸ் கிளாஸ் கூப்பேல வர்ற ஏபிசி ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் பக்கம் போகவே வேணாம்னு தான் நான் சொல்லுவேன். சுமார் 200 பார் அழுத்தத்துல எண்ணெய் ஓடுற சிஸ்டம் அது. பம்ப், ஹோஸ், வால்வு பிளாக், அக்யூமுலேட்டர்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும்.

அடுத்தது எஞ்சின். விளம்பரத்துல 320டி, சி220ன்னு தான் போட்டிருப்பாங்க. அது போதாது, எஞ்சின் கோடு கேளுங்க. 17 எழுத்து சேசிஸ் நம்பரை வச்சே கண்டுபிடிச்சிடலாம்.

பிஎம்டபிள்யூ என்47 டீசல். 2007ல வந்தது. வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிற டைமிங் செயின் எஞ்சினோட பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமா இருக்கு. 2011க்கு முன்னாடி தயாரானதுல செயினும் கைடும் தேயுறது ரொம்பப் பேருக்குத் தெரிஞ்ச பிரச்சனை. செயின் விலை பெருசில்ல, அதை எட்டுறதுக்கு கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கணும், கூலி தான் அடிக்கும். 1,500, 2,000 ஆர்பிஎம்ல டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருந்து கரகரன்னு உரசுற சத்தம் வந்தா அந்தக் காரை விட்டுடுங்க. 2014ல இருந்து வந்த பி47 இதுல பரவாயில்ல. ஆனா அதுல ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்குத் திரும்பப் போற புகையைக் குளிர்விக்கிறது) உள்ளயே கூலண்ட் கசிஞ்சு தீப்பிடிக்கிற ஆபத்துன்னு 2018ல பெரிய ரீகால் வந்துச்சு. சேசிஸ் நம்பரைக் குடுத்து அந்த வேலை முடிஞ்சதான்னு கேளுங்க.

என்63, அதாவது 4.4 லிட்டர் வி8 டர்போ. பேப்பர்ல பிரமாதமா இருக்கும், செகண்ட் ஹேண்ட் விலையும் ஆசை காட்டும். ரெண்டு டர்போவும் வி வடிவ பிளாக்கோட நடுவுலயே உக்காந்திருக்கு. அந்தச் சூடு சுத்தி இருக்கிற ரப்பர், பிளாஸ்டிக் எல்லாத்தையும் இறுக வச்சிடுது. முக்கியமா வால்வு ஸ்டெம் சீல், அதாவது வால்வு ஓரமா ஆயில் சிலிண்டருக்குள்ள இறங்காம தடுக்கிற ரப்பர். கண்டுபிடிக்கிற முறை: நல்லா சூடான எஞ்சினை அஞ்சு பத்து நிமிஷம் ஐடிலிங்ல விட்டுட்டு ஆக்ஸிலரேட்டரை அமுக்குங்க. பின்னாடி நீலப் புகை குபுக்குன்னு வந்தா சீல் போயிடுச்சு. முதல்ல வந்த என்63ங்களுக்கு நான் தெளிவா வேணாம்னு சொல்றேன். அதே பிஎம்டபிள்யூல 2015ல இருந்து வர்ற பி58, ஆறு சிலிண்டர் பெட்ரோல், நல்ல பேர் எடுத்த எஞ்சின். பெட்ரோல் வேணும்னா அதுல தேடுங்க.

ஆடியில 2009ல இருந்து 2011 வரைக்கும் வந்த 2.0 டிஎஃப்எஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின், கோடு ஈஏ888, ரெண்டாம் தலைமுறை. பிஸ்டன்ல இருக்கிற ஆயில் ரிங் கார்பன்ல அடைச்சு ஆயில் குடிக்கும். ரெண்டு சர்வீஸுக்கு நடுவுல எவ்வளவு ஆயில் ஊத்தினாங்கன்னு கேளுங்க, டிக்கியில ஆயில் கேன் கிடக்குதான்னும் பாருங்க. பழைய டிசைன் டைமிங் செயின் டென்ஷனர் (செயினை இறுக்கிப் பிடிக்கிறது) மாத்தியாச்சான்னு பில் கேளுங்க. அது திடீர்னு விட்டுடுச்சுன்னா வால்வு பிஸ்டன்ல மோதி எஞ்சினே போயிடும்.

தொந்தரவே வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு லெக்சஸ் இஎஸ் 300எச் தான் என் பதில். அதுல கியர்பாக்ஸ்னு இருக்கிறது பிளானட்டரி கியரும் ரெண்டு மோட்டாரும் மட்டும். பெல்ட் இல்ல, டர்போ இல்ல. பின் சீட் பக்கத்துல ஹைபிரிட் பேட்டரிக்குக் காத்து போற வழி இருக்கும். தூசியும் முடியும் அடைச்சா பேட்டரி சூடாகி சீக்கிரம் போகும். டார்ச் அடிச்சுப் பாருங்க.

எந்தக் காரா இருந்தாலும், வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு ஓனர்கிட்ட போன்லயே சொல்லிடுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா எதையோ மறைக்கிறாங்கன்னு தான் நான் எடுத்துக்குவேன். குளிர்ந்த எஞ்சின்ல முதல் ரெண்டு மூணு நொடி தான் தேஞ்ச செயின் சத்தம் போடும்.

பிறகு ஆயில் கசிவு. இது சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க. பிஎம்டபிள்யூ என்52, என்55 எஞ்சின்கள்ல ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் இறுகிப்போய், ஆயில் நேரா டிரைவ் பெல்ட் மேல சொட்டும். ஊறின பெல்ட் நழுவி, பிஞ்சு, கிராங்க் புல்லிக்குப் பின்னாடி சுத்திக்கிட்டு முன் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள்ளயே போன கார்கள் இருக்கு. ஒரு சின்ன ரப்பர் கேஸ்கெட்ல ஆரம்பிக்கிறது இது. அதே எஞ்சின்கள்ல வாட்டர் பம்ப் எலெக்ட்ரிக். சத்தம், கசிவுன்னு எதுவும் காட்டாம நின்னுடும். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டின காருன்னா பம்பும் தெர்மோஸ்டாட்டும் மாத்தின பில் இருக்கணும், இல்லேன்னா அந்தத் தொகையை விலையில குறைக்கச் சொல்லுங்க.

கியர்பாக்ஸ் ஆயிலைப் பத்தி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு, "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்"னு. 8எச்பிங்கிற எட்டு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைச் செய்யுற இசட்எஃப் கம்பெனியே 80,000ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லேன்னா எட்டு வருஷத்துல மாத்தச் சொல்லுது. பல கார்கள்ல இதோட ஆயில் பேன் பிளாஸ்டிக், ஃபில்டர் அதுக்குள்ளயே இருக்கு, அதனால பேனையே மாத்தணும். லெவல் பாக்குறது எஞ்சின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில இருக்கும்போது. இது தெரியாம குத்துமதிப்பா ஊத்தின இடத்துல நல்ல கியர்பாக்ஸும் இழுக்க ஆரம்பிக்கும். மெர்சிடிஸ் 7ஜி-ட்ரானிக் கியர்பாக்ஸ்ல வேற பிரச்சனை: உள்ள சென்சார்கள் பொருத்தின கண்டக்டர் பிளேட்ல ஸ்பீட் சென்சார் போனா கார் ஒரே கியர்ல மாட்டிக்கும். மாத்தின பிளேட்டை அந்தக் காருக்குன்னு புரோகிராம் பண்ணணும், சாதாரண பட்டறையில முடியாது. டெஸ்ட் டிரைவ்ல மெதுவா வந்து நிக்கும்போது ரெண்டுல இருந்து ஒண்ணுக்கு இறங்குறப்போ தட்டுதான்னு கவனிங்க.

நாலு வீல் டிரைவ் காருன்னா நாலு டயரையும் குனிஞ்சு பாருங்க. தேய்மானம் வேற வேறயா இருந்தா சுத்தளவு மாறும். முன், பின் வீலுக்குச் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் ஓயாம நழுவித் தேயும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் தயாரிச்சது.

ஸ்கேன் இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. காரோட ஸ்கேன் சாக்கெட்ல சொருகுற சாதாரண ஓபிடி டாங்கிள்ல முதல்ல பாக்க வேண்டியது எரர் கோடு இல்ல. "கோடு அழிச்ச பிறகு ஓடின தூரம்"னு ஒரு அளவு வரும். அது 40 கிலோமீட்டர்னு காட்டினா, நேத்து யாரோ எல்லாத்தையும் அழிச்சிட்டு உங்களுக்குக் காட்டுறாங்க. ரெடினெஸ் மானிட்டர் (கார் தன்னைத்தானே செஞ்சுக்கிற சோதனைகள்) எல்லாம் முடியாம நிக்குறதும் அதே அடையாளம். அதுக்கு மேல, கம்பெனி சாஃப்ட்வேர் வச்சிருக்கிற இடத்துல முழு ஸ்கேன் எடுங்க: பிஎம்டபிள்யூக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ். பல மாட்யூல்ல கிலோமீட்டர் தனித்தனியா பதிவாகும். மீட்டர்ல ஒண்ணும் கியர்பாக்ஸ் மாட்யூல்ல வேறயும் இருந்தா அதுக்கு மேல பேச்சே வேணாம்.

டீசல்னா, புகையில இருக்கிற கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டரோட நிலைமையையும் அதுலயே பாத்துடுங்க. அதுல சேர்ற கரி எரியணும்னா ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேணும், குட்டிக் குட்டி ஓட்டத்துல அது வராது. தினம் அஞ்சாறு கிலோமீட்டர் தான் ஓட்டுவீங்கன்னா டீசல் சொகுசு கார் உங்களுக்கு இல்ல. டிப்ஸ்டிக்ல ஆயில் அதிகபட்சக் கோட்டைத் தாண்டி நின்னா, பாதியில நின்ன ரீஜெனரேஷனால (அந்தக் கரியை எரிக்கிற வேலை) டீசல் ஆயில்ல கலந்திருக்கலாம்.

சன்ரூஃப் இருக்கா? மூலையில இருக்கிற வடிகால் குழாய் அடைச்சா தண்ணி கார்ப்பெட்டுக்கு அடியில போகும், கண்ணுக்குத் தெரியாது. டிக்கியில ஸ்டெப்னி குழியில கை விட்டுப் பாருங்க. ஆம்ப்ளிஃபையர், மாட்யூல் எல்லாம் அந்த மட்டத்துல தான் வச்சிருக்காங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு பேப்பரை எடுத்து, அடுத்த ரெண்டு வருஷத்துல இந்தக் காருக்கு என்னென்ன வரப்போகுதுன்னு எழுதுங்க. டயர், நாலு டிஸ்க்கும் பேடும், கியர்பாக்ஸ் ஆயில், பேட்டரி, கண்ட்ரோல் ஆர்ம் (வீலைக் காரோட அடிப்பாகத்தோட இணைக்கிற கை), பெட்ரோல்னா ஸ்பார்க் பிளக்கும் காயிலும். டிஸ்க்கோட ஓரத்துல குறைஞ்சபட்ச தடிமன் அடிச்சிருக்கும், வெர்னியர் காலிப்பர் வச்சு அளங்க. சேசிஸ் நம்பரைக் குடுத்து ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு விலை வாங்குங்க, கம்பெனி பெட்டியில வர்றது ஒண்ணு, அதே பார்ட்ஸைச் செய்யுற கம்பெனியோட பெட்டியில வர்றது இன்னொண்ணு. லெம்ஃபோர்டர் ஆர்ம், பில்ஸ்டீன் டேம்பர், மாலே ஃபில்டர் இதெல்லாம் லோகோ இல்லாம வெளியில கிடைக்கும், தரம் குறையாது. பேர் தெரியாத மலிவு கண்ட்ரோல் ஆர்ம் மட்டும் போடாதீங்க, புஷ் சீக்கிரமே கிழிஞ்சு அலைன்மென்ட் கூலியையும் சேத்துக் குடுப்பீங்க.

அந்தக் கூட்டுத்தொகையோட, எதிர்பாராததுக்குன்னு கார் விலையில ஒரு 15ல இருந்து 20 சதவீதம் தனியா வைங்க. இந்த ரெண்டும் சேந்த பணம் கையில இல்லேன்னா, இதே கம்பெனியில ஒரு படி சின்ன காரைப் பாருங்க.

வாங்கின முதல் வாரத்துல எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட் நாலையும் மாத்திடுங்க, சன்ரூஃப் வடிகாலைச் சுத்தம் பண்ணுங்க. அதுக்கப்புறம் கம்பெனி 25,000 கிலோமீட்டர்ல ஆயில் மாத்தச் சொன்னாலும் நீங்க 10,000ல மாத்துங்க. டைமிங் செயினும் டர்போவும் அந்த ஆயிலை நம்பித் தான் ஓடுது. பிஎம்டபிள்யூல புது பேட்டரி போட்டா அதை ஸ்கேனர்ல ரெஜிஸ்டர் பண்ணச் சொல்லுங்க. பண்ணலேன்னா பழைய பேட்டரின்னு நினைச்சே சார்ஜ் பண்ணி, புதுசையும் சீக்கிரம் கெடுத்துடும்.

நீங்க பாத்துட்டு இருக்கிற காரோட வருஷம், எஞ்சின் கோடு, கியர்பாக்ஸ், ஓடின கிலோமீட்டர் இந்த நாலையும் கீழ எழுதுங்க. அந்தக் கார்ல குறிப்பா எங்க கை வச்சுப் பாக்கணும்னு பதில் போடுறேன். நன்றி.