கதைப் புத்தகத்தில் வரும் மந்திரம்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளையின் கையில் மந்திரக்கோல் படம் போட்ட கதைப் புத்தகத்தைப் பார்த்ததும், கிறிஸ்தவப் பெற்றோர் பலர் திறப்பது உபாகமம் 18ஆம் அதிகாரத்தை. கடவுள் விலக்கிய காரியங்களின் அந்தப் பட்டியலை நிதானமாக வாசியுங்கள்: குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம்பார்க்கிறவன், சூனியக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன். எல்லாமே ஒருவர் நிஜமாகச் செய்கிற காரியங்கள். கதை வாசிப்பது அதில் இல்லை.

அப்போஸ்தலர் 19இல் எபேசு பட்டணத்தார் எரித்த புத்தகங்களின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. அவை மாயவித்தை செய்தவர்களின் சொந்தத் தொழில் நூல்கள். தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். 2001 டிசம்பரில் அமெரிக்காவின் அலமொகோர்டோ நகரில் ஹாரி பாட்டர் நூல்களைக் கொளுத்தியதற்கு எபேசு முன்மாதிரி ஆகாது.

நான் பார்க்கச் சொல்வது இரண்டு. கதையில் வல்லமை எங்கிருந்து வருகிறது? பிள்ளை அதைச் செய்து பார்க்க முடியுமா? ஹாரி பாட்டரில் அது பிறவி ஆற்றல். இல்லாதவர் எத்தனை முறை உச்சரித்தாலும் பலிக்காது. ஆனால் 2007இல் வந்த கடைசி நூலில் இறந்தவர்களை வரவழைக்கும் கல் ஒன்று உண்டு. அந்த இடத்தில் நிறுத்தி, இறந்த சாமுவேலை எழுப்பச் சொல்லி சவுல் ராஜா எந்தோர் ஊரில் குறிசொல்லுகிறவளிடம் போன 1 சாமுவேல் 28ஐச் சேர்த்து வாசியுங்கள். சி. எஸ். லூயிஸ் எழுதி 1952இல் வெளிவந்த நார்னியா கதையில், தோழி தன்னைப் பற்றி என்ன பேசுகிறாள் என்று லூசி என்ற சிறுமி மந்திரத்தால் ஒட்டுக்கேட்கிறாள். மனம் நோகிறாள், நார்னியாவின் சிங்கமான அஸ்லானிடம் கண்டிப்பும் வாங்குகிறாள். பேசுவதற்கு இதைவிட நல்ல பக்கம் கிடைக்காது.

குறிபார்க்கும் டாரோ சீட்டு, ஆவியழைக்கும் பலகை, 'நீயே செய்து பார்' வகை மந்திரக் கையேடு ஆகியவை வேறு. அவை சிறுவர் அலமாரியில் இருந்தாலும் உபாகமம் சொல்வதற்குள் நேரே வந்துவிடுகின்றன. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முழுத் தடை போட்டால் பிள்ளை ஒளித்து வாசிக்கும், பேச்சுக்கே இடமிருக்காது. சின்னப் பிள்ளை என்றால் மடியில் வைத்து நீங்களே வாசியுங்கள். பெரிய பிள்ளையிடம் "இது பாவமா?" என்று தொடங்காதீர்கள், நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைத்தான் சொல்லும். "அந்த மந்திரத்துக்கு அவன் என்ன விலை கொடுத்தான்?" என்று கேளுங்கள். கதாநாயகன் பொய் சொல்லித் தப்பித்துப் பாராட்டு வாங்கும் அத்தியாயங்களையும் விடாதீர்கள். எனக்கு மந்திரக்கோலைவிட அதுதான் கவலை.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று. பில்லிசூனியத்துக்கு நிஜமாகவே பயந்து வாழ்ந்த வீட்டுப் பிள்ளையும் வகுப்பில் இருக்கலாம். விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் பற்றிப் பவுல் 1 கொரிந்தியர் 8இல் எழுதியது, அதாவது நம் சுதந்தரம் பலவீனருக்கு இடறலாகக் கூடாது என்பது, இங்கும் பொருந்தும். இந்தக் கதைகளை வகுப்பில் வாசிக்காமல் வீட்டுக்கு விட்டுவிடுங்கள்.