வந்துச்சு, பார்த்தேன்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை மாற்றவில்லை.)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

'திரையைக் குறைப்போம், நேரத்தைச் சேமிப்போம்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் முதல் அடி அம்மா பார்க்கிற சீரியல் மேல்தான் விழும். நான் அதில் கைவைக்கப் போவதில்லை. நாள் முழுக்க அடுப்படியில் நின்றவர் ராத்திரி எட்டு மணிக்குத்தான் கால் நீட்டி உட்காருகிறார். அப்போதும் கை சும்மா இல்லை, முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்க்கிறார். அரைமணி ஆனால் 'தொடரும்' போட்டுவிடுவார்கள். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விளம்பர நேரத்துக்குள் அம்மா மாவைக் கரைத்து உப்புப் போட்டு வைத்துவிடுவார். பக்கத்து அறையில் போனோடு படுத்திருக்கிற அப்பாதான் 'எந்நேரமும் என்ன டிவி?' என்று அங்கிருந்தே சத்தம் போடுவார். அவர் போனில் 'தொடரும்' வருவதே இல்லை!

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். முடிகிற பொழுதுபோக்கு உண்டு, முடியாத பொழுதுபோக்கு உண்டு. சினிமா முடியும். கிரிக்கெட் முடியும். விடிய விடிய ஆடுகிற தெருக்கூத்துகூட விடிந்தால் முடியும். தூர்தர்ஷன் காலத்தில் ஞாயிறு சாயங்காலம் ஒரு படம் போடுவார்கள். தெருவே ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்க்கும், படம் முடிந்ததும் பாயை உதறிக்கொண்டு எழுந்து போகும். இந்தக் கூட்டத்துக்கும் ஒரு முடிவு இருக்கிறது. நான் நிறுத்தாவிட்டால் தலைவர் ஐயா மணி அடித்து நிறுத்திவிடுவார்.

இணையத்தில் அந்த 'முடிவு' என்பதையே திட்டம் போட்டு நீக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் பக்கத்தின் அடிக்கு வந்தால் 'அடுத்து' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துகிற அந்த ஒரு நொடியில் 'போதும்' என்று தோன்ற வாய்ப்பு இருந்தது. 2006இல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்த இடத்தையே நீக்கி, கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிற முறையை உருவாக்கினார். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டு வெளிப்படையாகப் பேசியவரும் அவரேதான். 2015இல் யூடியூப், ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓட்டத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா தண்ணீர் மாதிரி ஆனது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். 'அப்பாடா' என்று மூச்சு விடுவதற்குள், ஜூலையில் இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்துவிட்டது.

இங்கிருந்து பாண்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். சில நாள் முன்பு என் பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரித் தம்பி. ரெட்டிச்சாவடி போனது, முள்ளோடை போனது, கிருமாம்பாக்கமும் போனது. தம்பியின் கட்டைவிரல் மட்டும் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. ஒரு சமையல், ஒரு சண்டை, ஒரு நாய்க்குட்டி, ஒரு சாமியார். சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. கண்டக்டர் ரெண்டு தடவை 'தவளக்குப்பம், தவளக்குப்பம்' என்று கத்தி, வண்டி நகர்ந்த பிறகுதான் துள்ளி எழுந்தார். 'அப்படி என்ன தம்பி பார்த்தீங்க?' என்று கேட்டேன். யோசித்தார். 'ஒண்ணும் இல்ல சார், சும்மா... வந்துச்சு, பார்த்தேன்' என்றார்.

படம் பார்த்தவரைக் கேட்டால் கதை சொல்வார். இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நேரம் போனதைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

நேரக் கணக்கும் சின்னதில்லை. நாளைக்கு இரண்டு மணி என்றால் வருஷத்துக்கு 730 மணி. எட்டு மணி நேர வேலைநாளாகப் பிரித்தால் 91 நாள். குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இதை ஒரு தரம் தாளில் போட்டுப் பார்க்கட்டும்.

'கரண்ட் போனால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வார்கள். நமக்கு அதுவும் தெரியும். 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் அடித்து, கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, எத்தனை ஊரில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! திண்ணையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தோடு பேசினோம், உண்மை. தண்ணீருக்கு அலைந்தோம், கொசுக்கடியில் தூங்காமல் கிடந்தோம், அதுவும் உண்மை. கரண்ட் வந்த அன்றே திண்ணை காலி. திரை இல்லாத நேரம் தானாக நல்ல நேரம் ஆகிவிடாது. அந்த இடத்தில் வைக்க ஒரு வேலை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். சும்மா 'இன்றிலிருந்து பார்க்கமாட்டேன்' என்று சபதம் எடுத்தால் நாலு நாள்கூடத் தாங்காது.

அதனால் முதலில் எதையும் நிறுத்தாதீர்கள், எதை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை வியாபாரத்தையும் பார்த்து, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சிடம் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர் வேலையும் பார்த்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பும் எழுதியிருக்கிறார். நீங்கள் மூன்று நாள் எழுதினால் போதும், ராத்திரி ஒன்பதிலிருந்து தூங்குகிறவரை. போன் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற இடத்தில் எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம் என்று அதுவே காட்டும். அதையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு, அடுத்த வீடியோவைத் தானாக ஓட்டுகிற 'ஆட்டோபிளே'யை அணைத்துவிட்டு, யோசிக்காமல் ஒரு அலாரம் கடிகாரம் வாங்குங்கள். போன் படுக்கையறைக்குள் வருவதே 'அலாரம் வைக்க' என்ற சாக்கில்தான். நல்ல படம் பார்க்க ஆசையா? தாராளமாக. எந்தப் படம் என்று சாயங்காலமே முடிவு பண்ணி, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள்.

பேசி முடித்ததும் தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர் எழுந்தார். 'ஐயா, காத்து எப்படி, அலை எப்படின்னு போன்லதான் பார்த்துட்டுக் கடலுக்குப் போறோம். அதைக் குறைக்கச் சொல்றீங்களா?' என்றார்.

'அதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?' என்றேன்.

'ரெண்டு நிமிஷம்.'

'பார்த்துட்டு போனை வச்சிடுறீங்களா?'

கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார். 'எங்க ஐயா வைக்கிறது? அப்படியே வேற ஒண்ணு வந்துடுது.'

'வானிலை இருக்கட்டும். அந்த வேற ஒண்ணை மட்டும் எடுத்துடுங்க' என்றேன். அங்கேயே போனை நீட்டி, எப்படி எடுப்பது என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.